பீரங்கி வந்த பின்னும் கோட்டைகள் நூறாண்டு நின்றது ஏன்?

கேள்வி இதுதான்: ஐரோப்பாவில் 1326ஆம் ஆண்டிலேயே பீரங்கி இருந்ததற்குச் சான்று உண்டு, ஆனால் கோட்டை மதில்கள் வரிசையாகச் சரியத் தொடங்கியது 1450ஐ ஒட்டித்தான். இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளும் பீரங்கி என்ன செய்துகொண்டிருந்தது? படைத்தலைவர்களுக்கு அதன் அருமை தெரியவில்லையா?

அருமை தெரிந்துதான் இருந்தது. 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வசதி படைத்த நகரங்களும் அரசர்களும் பீரங்கிகளை வாங்கிச் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். தடை வேறிடத்தில் இருந்தது. பீரங்கி என்றவுடன் நம் கண்முன் வருவது குழாய். ஆனால் அதற்குள் போடும் மருந்து, மருந்து தள்ளும் குண்டு, எல்லாவற்றையும் சுமக்கும் வண்டி ஆகிய மூன்றும் தேறிய பிறகுதான் அந்தக் குழாய்க்கு முழு வேலை கிடைத்தது. இவை வெவ்வேறு தொழிலாளர் கையில் வெவ்வேறு வேகத்தில் தேறின. ஆகவே குழாயின் பருமனை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்தக் கதை பிடிபடாது என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு கட்டுக்கதையை ஒதுக்கிவிடலாம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் பெர்த்தோல்ட் ஷ்வார்ட்ஸ் என்ற துறவிக்குச் சிலை இருக்கிறது. வெடிமருந்தைக் கண்டுபிடித்தவர் அவரே என்பது ஊர்ப் பெருமை. அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கே நம்பத்தக்க ஆதாரம் இல்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலக்கும் செய்முறைகள் 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் படைநூலிலேயே காணப்படுகின்றன. அந்த அறிவு 13ஆம் நூற்றாண்டில் மேற்கே வந்து சேர்ந்தது. 1267 வாக்கில் ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலேய அறிஞர், கட்டைவிரல் பருமனுள்ள தோல்தாள் சுருளுக்குள் மருந்தை அடைத்துக் கொளுத்தினால் இடியோசையை மிஞ்சும் சத்தம் வருவதைச் சிறுவர்களின் விளையாட்டாகக் குறிப்பிடுகிறார். நாம் அதைப் பட்டாசு என்போம். (நாம் வழங்கும் 'பீரங்கி' என்ற சொல் 'ஃபிரங்கி', அதாவது ஐரோப்பியர் என்ற சொல்லிலிருந்து வந்தது. சீனாவில் பிறந்த மருந்தால் இயங்கும் கருவிக்கு நம் ஊரில் பரங்கியர் பெயரே நிலைத்துவிட்டது.)

1326 பிப்ரவரியில் ஃப்ளாரன்ஸ் நகராட்சி, நகரத்தின் பாதுகாப்புக்காக உலோகப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் செய்விக்க ஆட்களை நியமித்து உத்தரவிட்டது. அதே ஆண்டைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேய ஏட்டுப்பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. பின்னாளில் மூன்றாம் எட்வர்டு ஆன இளவரசனுக்காக வால்டர் டி மைல்மீட் என்ற குரு எழுதியது அது. அதில் ஒரு படம்: வயிறு பருத்து வாய் குறுகிய பூச்சாடி போன்ற ஒரு பாத்திரம் மேசை மேல் படுத்திருக்கிறது, அதன் வாயிலிருந்து பெரிய அம்பு ஒன்று கோட்டை வாசலை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது, கவசம் பூண்ட வீரன் நீண்ட கோலின் முனையால் பாத்திரத்தின் முதுகிலுள்ள துளையைத் தொடுகிறான். ஓவியர் கற்பனையாக வரைந்துவிட்டார் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்வீடனின் லோசுல்ட் என்ற ஊரில் 1861இல் கிடைத்த வெண்கலப் பீரங்கி ஏறத்தாழ அதே வடிவத்தில்தான் இருக்கிறது. அதன் நீளம் சுமார் 30 செ.மீ., எடை சுமார் 9 கிலோ. குழந்தையைப் போல் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

இத்தகைய கருவிக்கு எவ்வளவு மருந்து செலவாயிற்று என்பதற்கு 1338ஆம் ஆண்டைச் சேர்ந்த, பிரான்சின் ரூவான் நகர ஆவணம் ஒன்று விடை சொல்கிறது. பிரெஞ்சுக் கடற்படைக்கு அங்கே வழங்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஓர் இரும்புப் பானை, அதிலிருந்து எய்ய 48 அம்புகள், ஒரு பவுண்டு வெடியுப்பு, அரைப் பவுண்டு கந்தகம் என்று இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஓர் அம்புக்குப் பத்துக் கிராம் அளவுக்குத்தான் வெடியுப்பு வருகிறது. மதிலை உடைக்கும் எண்ணத்துடன் எவரும் இவ்வளவு குறைவாக மருந்து கொடுத்து அனுப்பமாட்டார்கள். 1346 கிரெஸிப் போரில் ஆங்கிலேயர் பீரங்கி சுட்டார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. சுட்டிருக்கலாம், ஆனால் அன்று வென்றது நீள்வில்லாளர்களின் அம்பு மழையே. மதிலை இடிக்கும் வேலை அப்போதும் எடைக்கல் கட்டி இழுத்த பெரிய கவண்பொறிகளிடமும் அடிவாரத்தில் சுரங்கம் தோண்டியவர்களிடமும் இருந்தது. கவண்பொறி நன்கு பழகிய கருவி. எங்கே விழும் என்று தெரியும், வெடித்துத் தன் ஆட்களைக் கொல்லாது. புதிய கருவியை அன்றைய படைத்தலைவர் நம்பாததில் வியப்பு இல்லை.

இனி மருந்துக்கு வருவோம், ஏனெனில் தாமதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. நல்ல வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு இருக்க வேண்டும். கரிக்கு மரம் உண்டு, கந்தகம் இத்தாலியில் தோண்டினால் கிடைக்கும். வெடியுப்புதான் ஐரோப்பாவில் அரிது. அது தானாக விளையும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதான்: மாட்டுத் தொழுவத்தின் மண், பழைய வீட்டுச் சுவரின் அடியில் பூக்கும் வெள்ளைப் பூ. வெப்ப நாடுகளில் அது எளிதில் பூக்கும். குளிரும் ஈரமும் மிகுந்த வடக்கில் மெதுவாகவே சேரும். அதனால் தொடக்கத்தில் வெளியிலிருந்து வந்த சரக்கை வணிகர்களிடம் பெரும் விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் நகரங்களில் அதைப் பயிர் செய்யவே கற்றுக்கொண்டார்கள். சாணம், சிறுநீர், சுண்ணாம்பு, மண் எல்லாவற்றையும் மேடாகக் கொட்டி, மழை படாமல் கூரை போட்டு, அவ்வப்போது கிளறி, மாதக்கணக்கில் மட்கவிட வேண்டும். பிறகு அந்த மண்ணில் நீர் ஊற்றி வடித்து, மரச்சாம்பல் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தால் உப்பு படிகமாக இறங்கும். நாற்றம் பிடித்த இந்தத் தொழிலால் உள்ளூரிலேயே சரக்கு கிடைத்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் மருந்தின் விலை வெகுவாக இறங்கியது. ஒரு குண்டுக்குப் பத்துக் கிராம் போட்ட கை பத்துக் கிலோ போடத் துணிந்ததற்கு வீரம் காரணமன்று, விலை இறங்கியதே காரணம்.

விலை குறைந்தும் மருந்தின் குணம் சரியாகவில்லை. மூன்று சரக்கையும் தனித்தனியே இடித்துச் சலித்துக் கலந்தால் கிடைப்பது மாவு. மாவைக் குழாயில் இறுக அடைத்தால் தீ உள்ளே புக வழியில்லாமல் மேற்பரப்பிலிருந்து மெல்ல எரியும். தளர்வாக விட்டால் வேகம் பிறக்கும் முன்பே வளி கசிந்துவிடும். வண்டியில் குலுங்கிப் போகையில் கனமான சரக்கு கீழே இறங்கி, கரி மேலே தங்கிவிடும் என்பதால், பலர் மூன்றையும் தனித்தனிப் பீப்பாய்களில் கொண்டுபோய்ப் போர்க்களத்திலேயே கலந்தார்கள். அந்தக் கலவையும் ஈரக்காற்று பட்டால் நமத்துப்போகும்.

1420ஐ ஒட்டி ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டுப் படி எடுத்துப் பரவிய ஒரு கையேடு, பீரங்கிக்கு மருந்து ஏற்றும் முறையை விளக்குகிறது. குழாயின் பின்பகுதியில் குறுகலான மருந்தறை இருக்கும். அதன் நீளத்தை ஐந்தாகப் பிரித்து, மூன்று பங்குக்கு மருந்து போட வேண்டும்; ஒரு பங்கை வெறுமையாக விட வேண்டும்; கடைசிப் பங்கில் மரக்கட்டையை அடித்து இறுக்க வேண்டும். அந்த வெற்றிடமும் அடைப்புக்கட்டையும் இல்லாவிட்டால் மாவு மருந்து சரியாகப் பற்றாது. பிறகு கல்குண்டை வைத்து, சுற்றிலும் மர ஆப்பு செருகி, இடுக்குகளைக் களிமண்ணால் பூச வேண்டும். ஒரு முறை சுட இவ்வளவு ஆயத்தம் என்றால் ஒரு நாளில் எத்தனை முறை சுட முடியும்? 1437இல் மெட்ஸ் நகரப் பீரங்கிக்காரர் ஒருவர் ஒரே நாளில் மூன்று முறை சுட்டு மூன்று இலக்குகளையும் அடித்தாராம். சாத்தானின் துணையின்றி இது நடக்காது என்று சந்தேகித்து, பாவம் தீர ரோமாபுரிக்கு யாத்திரை போகச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

அந்தக் கையேடு இன்னொன்றும் சொல்கிறது: பீரங்கிக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் இத்தொழிலின் விவரங்கள் அனைத்தையும் மனத்தில் வைத்திருக்க இயலாது. அவர் கூலிக்கு அமர்ந்த கைத்தொழில் வல்லுநர். படைவீரர் கணக்கில் வருபவரல்லர். இடி மின்னலோடு தொடர்புடைய புனித பார்பரா அவருக்குக் காவல் தெய்வம். தொழிலின் ஆபத்தைப் பார்த்தால் காவல் தெய்வம் தேவைப்பட்டதுதான்.

மருந்தின் சிக்கலுக்குத் தீர்வும் அதே 1420களில் தென்படுகிறது. மாவை மதுவோ காடியோ தெளித்துப் பிசைந்து, உருண்டைகளாக உலர்த்தி, பின்பு உடைத்துக் குருணையாக்கினார்கள். குருணைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தீ ஒரே நொடியில் ஓடிவிடும், கலவை பிரியாது, ஈரமும் எளிதில் ஏறாது. அதே எடை மருந்து முன்னைவிடப் பலமடங்கு வேகமாக எரிந்தது. ஆனால் மாவு மருந்துக்காகச் செய்த பழைய குழாய்கள் இந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஆகவே நெடுங்காலம் சிறு துப்பாக்கிகளுக்குக் குருணையும் பெரும் பீரங்கிகளுக்குப் பழைய மாவும் என்று பிரித்தே பயன்படுத்தினார்கள்.

குருணை பரவுவதற்கு முன்பு, மெதுவாக எரியும் மருந்தைக் கொண்டு மதிலை அடிக்க ஒரே வழி குண்டைப் பெரிதாக்குவது. வேகம் குறைவு என்றால் எடையைக் கூட்டு என்ற கணக்கு. 1377இல் வட பிரான்சின் கலே அருகே ஓத்ருயிக் கோட்டையை பர்கண்டிப் பிரபுவின் படை தாக்கியபோது 200 பவுண்டு எடையுள்ள கற்கள் மதிலைத் துளைத்தன என்று அக்கால வரலாற்றெழுத்தாளர் ஃப்ராய்சார் எழுதுகிறார். அதன்பின் இரண்டு தலைமுறைகளுக்கு பம்பார்டு எனப்பட்ட பூதப் பீரங்கிகளின் காலம். வியன்னா அருங்காட்சியகத்திலுள்ள ஸ்டையர் பம்பார்டின் வாய் 80 செ.மீ. அகலம், கெண்ட் நகரில் தெருவோரம் கிடக்கும் 'கிறுக்கி மார்கரெட்' சுமார் 5 மீட்டர் நீளம்.

இவற்றை எப்படிச் செய்தார்கள்? அவ்வளவு பெரிய இரும்புக் குழாயை வார்க்க அன்று உலை இல்லை. எனவே மரப்பீப்பாய் செய்பவரின் உத்தியைக் கொல்லர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கருவைச் சுற்றித் தேனிரும்புப் பட்டைகளை நீளவாக்கில் நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் சிவக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றினார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். காய்ந்த வளையம் ஆறும்போது சுருங்கி, உள்ளே இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். எடின்பரோ கோட்டையிலுள்ள மான்ஸ் மெக் இவ்வகையில் மிகவும் பெயர் பெற்றது. பர்கண்டியின் பிலிப் பிரபுவுக்காக 1449இல் மான்ஸ் நகரில் செய்யப்பட்டு, 1457இல் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸுக்குப் பரிசாகச் சென்றது. எடை 6 டன்னுக்கு மேல். வாய் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். ஒரு நாளைக்கு 5 கிலோமீட்டர் இழுத்துச் சென்றால் பெரிது. 1680களின் தொடக்கத்தில் மரியாதை வேட்டு சுடும்போது அதன் வளையங்கள் இரண்டு தெறித்துப்போயின. அந்த இடைவெளியின் வழியே, அடியிலுள்ள பட்டைகள் வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். இதே முறையை அருகில் பார்க்க விரும்புபவர்கள் எடின்பரோ போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் 17ஆம் நூற்றாண்டுப் பெரும் பீரங்கியும் இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி இணைத்துச் செய்ததே. எடை 20 டன்னுக்கு மேல்.

இன்னொரு வழி வெண்கல வார்ப்பு. தேவாலய மணி வார்ப்பவர்களுக்குக் களிமண் அச்சும் உருகிய உலோகமும் பழக்கம். மணிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளீயம் சேர்ப்பார்கள், அது நன்றாக ஒலிக்கும், ஆனால் நொறுங்கும். பீரங்கிக்கு அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தால் உலோகம் வளைந்து கொடுக்கும். வெண்கலம் இரும்பைவிட மிக விலை உயர்ந்தது. ஆனால் இரும்புப் பீரங்கி எச்சரிக்கையின்றிச் சிதறும். வெண்கலம் பெரும்பாலும் வீங்கியோ பிளந்தோ முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். பீரங்கிக்காரர்கள் வெண்கலத்தை விரும்பியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். மான்ஸ் மெக்கைப் பரிசாகப் பெற்ற அதே இரண்டாம் ஜேம்ஸ், 1460 ஆகஸ்ட் 3 அன்று ராக்ஸ்பரோ முற்றுகையில் வேறொரு பீரங்கியின் அருகே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது அது வெடித்து, தெறித்த துண்டு தொடையைப் பிளக்க, அங்கேயே உயிரிழந்தார்.

பூதப் பீரங்கி என்றதும் எல்லோரும் 1453இல் கான்ஸ்டான்டினோப்பிள் வீழ்ந்ததைச் சொல்வார்கள். ஒர்பான் என்ற ஹங்கேரிய வார்ப்பாளர் முதலில் அந்நகரப் பேரரசரிடமே வேலை கேட்டார். அவரால் சம்பளம் கொடுக்க முடியவில்லை. ஒர்பான் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மதிடம் போனார். எடிர்னேயில் வார்த்த பீரங்கியை அறுபது எருதுகள் இழுத்துவர வாரக்கணக்கில் ஆயிற்று. அது எறிந்த கல் அரை டன் எடை. நாளுக்கு ஏழு முறைதான் சுட முடிந்தது. கதை சுவையானது, ஆனால் அந்த ஒற்றைப் பீரங்கிக்கு உரியதைவிட அதிகப் புகழ் கொடுத்துவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மதிலைத் தின்றது, ஏழு வாரங்கள் ஓயாமல் இயங்கிய பல டஜன் சிறிய, நடுத்தரப் பீரங்கிகளின் கூட்டு வேலை. அப்போதும் காவலர்கள் ஒவ்வோர் இரவும் உடைப்புகளை மரமும் மண்ணும் கொட்டி அடைத்தார்கள். கல்மதில் நொறுங்கிய இடத்தில் அந்த மண்மேடு குண்டுகளை விழுங்கிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வரப்போவதைக் காட்டிய நிகழ்ச்சி அதே காலத்தில் பிரான்சில் நடந்தது. ஜான் பூரோ, காஸ்பார் பூரோ என்ற சகோதரர்கள் ஏழாம் சார்லஸ் அரசரின் பீரங்கிப் படையைச் சீர்படுத்தினார்கள். மூத்தவர் ஜான் சட்டமும் கணக்கும் பயின்றவர், பிரபுக்குலத்தவர் அல்லர். அவர்கள் செய்ததில் பெரும்பகுதி நிர்வாகம்தான்: மருந்துக்கும் குண்டுக்கும் வண்டிக்கும் முன்கூட்டியே பணம் ஒதுக்குவது, பீரங்கிக்காரர்களுக்கு நிலையான சம்பளம் தருவது. 1449–50இல் நார்மண்டியில் ஆங்கிலேயர் வசமிருந்த ஊர்களும் கோட்டைகளும் மளமளவென்று விழுந்தன. பல இடங்களில் பீரங்கிகளை நிறுத்தியதைப் பார்த்தவுடனே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். 1453 ஜூலை 17 அன்று காஸ்டிலியோன் என்னுமிடத்தில் பூரோ மண்மேடும் அகழியும் சூழ அமைத்திருந்த பாசறையை, முதியவரான ஆங்கிலேயத் தளபதி டால்பட் நேரே பாய்ந்து தாக்கினார். வரிசையாக நின்ற பீரங்கிகள் பக்கவாட்டில் சுட்டு அவர் படையை அறுத்தன, டால்பட்டும் மாண்டார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போர் அத்தோடு முடிந்தது.

வெட்டவெளிப் போரில் பீரங்கியைப் பயன்படுத்தும் கலையைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பே போஹீமியாவின் (இன்றைய செக் நாடு) ஹுஸ் சமயத்தார் 1420களில் காட்டியிருந்தார்கள். அவர்களின் தளபதி யான் ஷிஷ்கா வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி, இடையிடையே சிறு பீரங்கிகளை வைத்து, குதிரைப் படைகளை முறியடித்தார். இன்று உலகப் படைகள் வழங்கும் 'ஹவிட்சர்' என்ற பெயர் அவர்களின் 'ஹௌஃப்னிட்சே' என்ற செக் சொல்லிலிருந்து வந்ததே.

எஞ்சியவை குண்டும் வண்டியும். கல்குண்டு ஒவ்வொன்றையும் கொத்தர் கையால் உருட்டிச் செதுக்க வேண்டும். மதிலில் மோதினால் பாதி நேரம் அதுவே உடையும். 15ஆம் நூற்றாண்டில் ஊதுலைகள் பெருகி வார்ப்பிரும்பு மலிந்தபோது அந்தத் தொல்லை தீர்ந்தது. இரும்பு கல்லைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனம். ஆகவே அதே எடைக் குண்டின் விட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். குண்டு சிறுத்தால் குழாய் சிறுக்கும். குழாய் சிறுத்தால் சுவர் தடித்தும் எடை குறையும். அந்தத் தடித்த சுவர் குருணை மருந்தைத் தாங்கும். தனித்தனியே வளர்ந்த மூன்று தொழில்களும் இங்கேதான் ஒன்று சேர்ந்தன. அதோடு, குழாயின் இருபுறமும் காதுபோல் நீண்ட உருளை முளைகளைச் சேர்த்தே வார்க்கலானார்கள். அந்த முளைகளில் குழாய் ஊஞ்சல்போல் ஆடும். ஆப்பு ஒன்றைச் செருகி எடுத்தால் வாய் உயரும், தாழும். முன்பு பூதப் பீரங்கியை மரத்தொட்டிலில் கிடத்தி, திசை மாற்ற வேண்டுமென்றால் அதைத் தொட்டிலோடு நகர்த்தினார்கள். 1476இல் கிரான்சோனில் தோற்று ஓடிய பர்கண்டியின் சார்லஸ் பிரபு விட்டுச்சென்ற பீரங்கிகளில் சில ஸ்விட்சர்லாந்தில் இன்னும் இருக்கின்றன. சக்கர வண்டி எப்படி முதிர்ந்தது என்பதற்கு அவையே நேர்ச்சான்று.

1494இல் பிரான்சின் எட்டாம் சார்லஸ் ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலிக்குள் நுழைந்தபோது அவருடன் வந்தவை இந்த வகைப் பீரங்கிகள்: வெண்கலக் குழாய், இரும்புக் குண்டு, எருதுக்குப் பதில் குதிரை. படை நடக்கும் வேகத்திலேயே அவையும் வந்தன என்பதுதான் இத்தாலியர்களை மிகவும் அதிரவைத்தது. ஏழாண்டு முற்றுகையைத் தாங்கியதாகப் பெயர் பெற்றிருந்த மோன்டே சான் ஜோவன்னி என்ற கோட்டை, அடுத்த ஆண்டு எட்டு மணி நேரத்தில் விழுந்தது.

ஆனால் இந்த ஆதிக்கமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1500இல் பிரெஞ்சுப் படையும் ஃப்ளாரன்ஸ் படையும் சேர்ந்து பீசா நகரை முற்றுகையிட்டன. பீரங்கிகள் தம் வேலையைக் குறைவின்றிச் செய்து மதிலின் ஒரு நீண்ட பகுதியைச் சரித்துவிட்டன. வீரர்கள் இடிபாடுகள் மேல் ஏறி உள்ளே பார்த்தார்கள். பீசா நகரத்தார் மதிலுக்கு உட்புறம் ஓர் அகழியை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே அதன் பின்னால் ஒரு கரையை எழுப்பி, அதன்மேல் நின்று காத்திருந்தார்கள். தாக்குதல் அந்தக் கரையைத் தாண்டவில்லை.